கழி இல்லாத தோணி

இரண்டாவது குண்டு ஏரியில் விழுகிறது. தண்ணீர் கூரை உயரத்துக்கு எழும்பி எங்கள் மேல் கொட்டுகிறது. சேறு. சிப்பி. உப்பு. நான் ஓடுகிறேன். இடுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை. என் குழந்தை இல்லை. எனக்குக் குழந்தையே இல்லை. இது பாளையத்து அரண்மனையில் பிறந்தது. அதன் கழுத்துச் சங்கிலி என் தோளை அறுக்கிறது.

"குனிஞ்சி ஓடு, எல்லம்மா! குனிஞ்சி ஓடு!"

கத்துவது என் கணவர் முனியன். தோணியில் நிற்கிறார். அவர் காலடியில் குழந்தையின் தாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஐப்பசி மாதம். வியாழக்கிழமை. விடிந்து இரண்டு நாழிகை. பசியாவரம் தீவின் கிழக்குத் துறை. பீரங்கி மேற்குக் கரையில். முதலில் புகை தெரியும். பிறகு 'தொம்'. பிறகு தலைக்கு மேலே யாரோ துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். புகைக்கும் குண்டுக்கும் நடுவில் இரண்டு மூச்சு விடலாம். அவ்வளவுதான் நேரம்.

அன்றைக்கு ஏழு குண்டு சுட்டார்கள். ஏழையும் எண்ணினேன். ஆனால் குண்டுகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிச் சாட்சி. முந்தின நாள் நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் வந்தது செவ்வாய்க்கிழமை. பிற்பகல். தூறல். மூன்று பேர். நாச்சியார், அவள் மகள், அவள் கொழுந்தன். கொழுந்தனைச் சின்னவர் என்றார்கள். நாச்சியாரின் கணவர் வடக்கே ஒரு பாளையத்தை ஆண்டவர். இறந்து நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் அவருடைய அக்காள் வீட்டார் படையோடு வந்துவிட்டார்கள். பெண்ணைத் தங்கள் பையனுக்குக் கட்டிக்கொடு என்றார்கள். பெண் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பாளையம். நாச்சியார் மறுத்தாள். தன் கணவருக்கு விஷம் வைத்ததே அவர்கள்தான் என்று நம்பினாள். உண்மையா, எனக்குத் தெரியாது. எங்கள் குடிசையில் நான் முதலில் வாயில் போட்டுக் காட்டாத எதையும் அவள் மகளுக்குக் கொடுக்கவில்லை. கஞ்சி. மீன். தண்ணீர்கூட.

பழவேற்காட்டில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டையில் அடைக்கலம் கேட்டு ஓலை போயிருந்தது. பதில் வரும்வரை தீவில் மறைந்திருக்க வேண்டும். நாங்கள் ஒப்புக்கொண்டோம். பெரிய வீட்டு மனிதர்கள். மழையில் நனைந்து நிற்கிறார்கள். வேறு என்ன செய்வது.

புதன்கிழமை காலை. நான் தெற்கே தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு தோணி காட்டூர்ப் பக்கத்துக் கரையை ஒட்டி நின்றது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எட்டியப்பன்.

எட்டியப்பன் என் கணவரின் அண்ணன். அடுத்த குடிசை. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பன் வலை போட்டுவந்த இடம் யாருக்கு என்பதில் ஆரம்பித்தது. பிறகு எல்லாவற்றுக்கும் பரவியது. அவர் மனைவி காத்தாயி எனக்கு ஓரகத்தி. அவர்கள் மகள் சின்னம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நான் வாசலுக்கு வந்தால் காத்தாயி அவளை உள்ளே இழுத்துக்கொள்வாள். பிள்ளை இல்லாதவள் கண் பட்டுவிடுமாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

கரையில் ஓர் ஆள் நின்றது. தலையில் ஏதோ இருந்தது. இரண்டு பேரும் பேசினார்கள். எட்டியப்பன் திரும்பி வந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். இதை நிறுத்திச் சொல்கிறேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

அன்று நடுப்பகலில் மேற்குக் கரையில் குதிரைகள் தெரிந்தன. பின்னால் மாட்டு வண்டி. அதன் மேல் கறுப்பாக, நீளமாக ஒன்று. தீவில் பேச்சு நின்றது. அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள் வாசலோடு திரும்பினாள். எல்லோரும் எல்லோருடைய கையையும் முகத்தையும் பார்த்தார்கள்.

ஊர்த் தலைவர் நாட்டார் கூட்டம் போட்டார். சின்னவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களில் ஒருவன்தான் காட்டிக்கொடுத்திருக்கிறான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

நான் எழுந்தேன். எட்டியப்பனைப் பார்த்ததைச் சொன்னேன்.

"யாரோட பேசினான்?" நாட்டார் கேட்டார்.

"தலப்பாகை கட்டின ஆளு" என்றேன்.

தலைப்பாகை என்றால் படையாள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். தலையில் ஏதோ இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாட்டார் எட்டியப்பன் பக்கம் திரும்பினார். "இன்னா எட்டியப்பா, காலையில எங்க போயிருந்த?"

"என் வூட்டு வேல."

"இன்னா வேல?"

எட்டியப்பன் என்னைப் பார்த்தார். "இவ எதிர்ல சொல்ல மாட்டேன்."

"அப்போ நான் சொன்னது நெசம்தான்!" நான் கத்தினேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. காத்தாயியும் திறக்கவில்லை. நாட்டார் தீர்ப்புச் சொன்னார். எட்டியப்பன் தீவை விட்டு நகரக்கூடாது. அவருடைய இரண்டு தோணிக்கும் உள்ள கழிகளைப் பிடுங்கினார்கள். எங்கள் ஏரியில் கழி ஊன்றித்தான் தோணி தள்ள வேண்டும். கழி இல்லாவிட்டால் அது வெறும் பலகை. நான்கு கழிகள். எங்கள் குடிசையில் போட்டார்கள்.

அன்று சாயந்தரம் முனியன் கேட்டார். "நீ தலப்பாகைய நெசமாவே பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் கழிகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை விடியலில் கோட்டையிலிருந்து பதில் வந்தது. வரலாம். முனியன் தோணியைத் தயார் செய்தார். நாச்சியார் ஏறினாள். குழந்தையை நான் எழுப்பித் தூக்கிக்கொண்டேன். அப்போது முதல் குண்டு. அது ஏரியில் விழுந்தது. இரண்டாவதும்.

குழந்தையைத் தோணியில் போட்டேன். நாச்சியார் அதைத் தன் உடம்புக்குக் கீழே திணித்துக்கொண்டாள்.

"சின்னவர் எங்கே?" என்றாள்.

மூன்றாவது குண்டு எங்கள் குடிசைக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. ஜனம் எழுந்து ஓடுகிறது. யாரோ அலறுகிறார்கள். "அங்க பாரு! மேற்கால பாரு!"

பார்த்தேன். சின்னவர் மேற்குப் பக்கம் தண்ணீரில் இறங்கி நடக்கிறார். சிவப்புச் சால்வையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவரை நோக்கி ஒரு தோணி வருகிறது. அவர் மேல் யாரும் சுடவில்லை.

அந்தச் சால்வையைப் புதன்கிழமை காலையே பார்த்திருந்தேன். மேற்குக் கரைக்குத் தெரிகிற வேலியில் விரித்துப் போட்டிருந்தார். தூறலில். தூறலில் யாராவது சால்வை உலர்த்துவார்களா? நான் கேட்கவில்லை. அவர் அரண்மனைப் பிள்ளை. என் சந்தேகம் அங்கே போகவில்லை. அடுத்த குடிசைக்குத்தான் போனது.

"வந்துடறேன்" என்றார் முனியன். தோணி கிளம்பியது.

அப்போதுதான் அந்தக் குரல். சின்னம்மா.

"நைனா! கழி எங்க நைனா?"

அவளைத் தோணியில் ஏற்றியிருக்கிறார்கள். நடக்க முடியவில்லை. வலி கண்டுவிட்டது. காத்தாயி அவளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறாள். எட்டியப்பன் மார்பளவுத் தண்ணீரில் நின்று தோணியை நெஞ்சால் தள்ளுகிறார். கால் சேற்றில் புதைகிறது. தோணி அசையவில்லை.

நான் குடிசைக்கு ஓடினேன். கூரை சரிந்து கிடந்தது. கழிகள் அதன் அடியில். நான்காவது குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கழியை இழுத்தேன். நகம் பெயர்ந்தது. வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

காத்தாயி என்னைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள்.

"கிட்ட வராத! வராத!"

நின்றுவிட்டேன். இருபது முப்பது அடிதான் இருக்கும். துணி கிழிகிற சத்தம். ஐந்தாவது குண்டு தோணியின் நடுவில் இறங்கியது.

புகையைப் பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்றக் கத்தினாளா, என் கண் மகள் மேல் படக்கூடாது என்று கத்தினாளா. இரண்டையும் நம்பிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது குண்டு நாட்டார் வீட்டில். அடுப்பு நெருப்பு கூரையில் ஏறி, பக்கத்துக் குடிசைகளும் பற்றின. ஏழாவது ஏரியில். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கரையில் வெடிமருந்து நனைந்திருக்க வேண்டும். பீரங்கி நின்றது.

முனியன் நாச்சியாரையும் குழந்தையையும் கோட்டைத் துறையில் இறக்கிவிட்டார். பார்த்தவர்கள் சொன்னார்கள். இரு என்றார்களாம். அவர் இருக்கவில்லை. திரும்பும் வழியில் குதிரைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை தோணி முகத்துவாரத்தில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை குதிரைகள் போய்விட்டன. அன்று ஒரு தோணியில் காட்டூர் மருத்துவச்சி வந்து இறங்கினாள். தலையில் கூடை. துணியால் மூடிச் சுற்றிக் கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தேன். புதன்கிழமை கரையில் தெரிந்தது இதுதான்.

"புதன்கெழமையே எட்டியப்பன் வந்து கூப்பிட்டாரு" என்றாள். "புள்ள குறுக்கால கெடக்குதுனு சொன்னாரு. சாயந்தரம் வரேன்னு சொன்னேன். குதிரக்காரங்க எறங்க வுடல. பொண்ணு எப்படிக்கீது?"

நாட்டார் உடைந்த தோணிப் பக்கம் கையைக் காட்டினார்.

எட்டியப்பன் உடைந்த பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு.

"மாமா. நான் பாத்தது கூடைதான். தலப்பாகைனு சொன்னது நாந்தான்."

அவர் நிமிரவில்லை. பலகையை அடுக்கிக்கொண்டே பேசினார்.

"ஒரு வார்த்த. புள்ள குறுக்கால கெடக்குதுனு நான் சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். உன் எதிர்ல சொல்ல மாட்டேன்னு நின்னேன்."

பிறகு, "அந்தப் பலகைய இப்டித் தள்ளு" என்றார். தள்ளினேன்.

அடுத்த தையில் பாளையத்துக் கல்யாணம் நடந்தது. அந்தக் குழந்தைக்கும் அந்த அக்காள் வீட்டுப் பையனுக்கும்தான். இரண்டு வீடும் சமாதானம். சின்னவருக்கு ஊர்கள் கிடைத்தனவாம். பட்டு வாங்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பல்லக்கில் வந்தார்கள். நான் கருவாட்டுக் கூடையோடு ஓரத்தில் நின்றேன். நாச்சியார் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. பல்லக்கின் திரை விழுந்தது.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காத்தாயி. சின்னம்மா. என் கணவர் முனியன். நாட்டாரின் தங்கை பொம்மி, சுவர் விழுந்து. வலை பின்னும் கண்ணன், ஓடும்போது. ஐந்து பேர். சின்னம்மாவின் வயிற்றில் இருந்ததை ஊர் எண்ணுவதில்லை. எட்டியப்பனும் நானும் எண்ணுகிறோம். ஆறு. தோணிகள் மூன்று. குடிசைகள் ஒன்பது. வலைகள் எத்தனை என்று தெரியாது, எல்லாம் சேர்ந்து எரிந்தன.

காட்டிக்கொடுத்தவர், எங்கள் ஊரில், ஒருவரும் இல்லை.