அனாயியின் பிடரி

அநியாயம் நடந்தது எங்க அக்கா அனாயிக்கு. உங்க மகன் எஃப்ராயினுக்கு இல்ல. அதை முதல்ல ஒத்துக்கிட்டு அப்புறம் பேசுங்க, தோஞா ஓர்தென்சியா. அவனோட வாழ வந்தவளை உங்க வீட்டுச் சமையல் மேசையில குப்புறப் போட்டு, பிடரியில, இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும், எஃப்ராயினோட சொத்துன்னு பச்சை குத்தினான். மாட்டுக்குச் சூடு போட்டாக்கூட ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். இவளுக்கு ரெண்டு மணி நேரம்.

எங்க எந்திரிக்கிறீங்க? உட்காருங்க. மொடெஸ்டோவில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, காபி குடிங்க. இந்த கிளினிக்ல எல்லாமே இலவசம். காபி மட்டும் கழுநீர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சத்தமா? பச்சையை அழிக்கிற லேசர்தான். உள்ள அவளுக்கு அடிக்கிறாங்க. சிலுவை போட்டுக்காதீங்க, அவ ஒண்ணும் சாகல. கொதிக்கிற எண்ணெயில முக்கின ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துக் கழுத்துல விட்டா எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க. அடிச்ச எடமெல்லாம் வெள்ளையாப் பொங்கும். முடி கருகின வாடை வரும். அப்புறம் கொப்புளம், சீழ். எட்டு வாரம் ஆறவிட்டு, திரும்ப அதே எடத்துல அடிப்பாங்க. பத்துத் தடவை. இன்னிக்கு நாலாவது. உங்க புள்ள ரெண்டு மணி நேரத்துல எழுதினதை அழிக்க ஒன்றரை வருஷம் ஆகுது.

வெறும் பச்சைதானேன்னு சொல்லாதீங்க. என் தோள்லயும்தான் ஒரு தேன்சிட்டு இருக்கு, இதோ பாருங்க. நானாக் கேட்டுக் குத்திக்கிட்டது. கேட்டுக் குத்திக்கிறதும் பிடிச்சு வெச்சுக் குத்துறதும் ஒண்ணுன்னா, கல்யாணமும் கடத்தலும்கூட ஒண்ணுதான்.

ஆசையிலயா பண்ணினான்? ஆசைன்னா ரேடியோவை எதுக்கு அவ்வளவு சத்தமா வெச்சான்? பாத்திரம் துடைக்கிற துணி எதுக்கு அவ வாயில? குத்தினது சவர மெஷினோட மோட்டார்ல கிடார் கம்பியைச் செருகி, மை எண்ணெய்ப் புகைக் கரி. ஜெயில்ல கத்துக்கிட்ட தொழில். இவ செஞ்ச குத்தம் என்ன? வயசானவங்க இல்லத்துல வேலைக்குச் சேர்ந்தா. அன்னிக்கு மழை கொட்டுதுன்னு கூட வேலை பாக்கிறவன் காருல கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போனான். அவ்வளவுதாங்க.

எஃப்ராயினோட சித்தப்பா பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சாங்க. ஒத்துக்கிட்டாங்க, ஜெயில்ல இருக்காங்க. நீங்க? கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க, உங்களுக்கு ஒண்ணுமே காதுல விழல. தெரியும், போலீஸ்கிட்ட நீங்க குடுத்த வாக்குமூலத்தைப் படிச்சேன். அந்த மழையிலயா? ஓ, கொட்டகைக்கு அடியில கொடி கட்டியிருக்கா. சரி, சரி. போலீஸும் நம்பிச்சு.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியுமா? எங்க வீட்டுக் குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு, கரி பிடிச்ச சட்டி தேய்க்கிற கம்பி நாரை எடுத்து, உப்புப் போட்டுத் தேச்சிருக்கா. தோல் போயி சதை தெரியிற வரைக்கும். நான் கதவை உடைச்சு உள்ள போனப்போ தொட்டியெல்லாம் செவப்பு. எழுத்து மட்டும் அப்படியே இருக்கு. அந்தத் தழும்பாலதான் லேசரே ஒழுங்கா ஏற மாட்டேங்குதுன்னு டாக்டர் சொல்றாரு. அன்னிக்குத்தான் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கிட்டு உங்க தெருவுக்கு வந்தேன். ஆமா, அவன் கார்க் கண்ணாடி அத்தனையும் நொறுக்கினது நான்தான். கார்ல அவன் இல்ல. இருந்திருந்தா கண்ணாடியோட நிறுத்தியிருக்க மாட்டேன்.

இந்த சித்லாலிக்கு வாய் நீளம்னு என்னைப் பத்தி எங்க அம்மாகிட்டயே சொல்லியிருக்கீங்க. படிச்ச திமிரா? இருக்கட்டும். காலேஜ்ல அதையும் சேர்த்துத்தான் சொல்லித் தர்றாங்க.

குடுங்க அந்தக் காகிதத்தை. அனாயி ஆகிய நான், எஃப்ராயினை மனசார மன்னிச்சுட்டேன், அவருக்குக் கருணை காட்டணும்... வக்கீல் எழுதினதா? நல்லா எழுதியிருக்காரு. அவ இவ்வளவு அழகாப் பேசி நான் கேட்டதே இல்ல. வியாழக்கிழமை தண்டனை சொல்றதுக்குள்ள இதுல அவ கையெழுத்து வேணும். விழுந்தா எட்டு வருஷம் மூணாகும். சரியா?

அவளை மக மாதிரி வெச்சிருந்தீங்க. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவளுக்கு நிமோனியா வந்தப்போ மூணு ராத்திரி கண்ணு மூடாம பாத்தீங்களாம். அவளே சொல்லுவா. அதுக்காகவே நெறைய விஷயத்தை வெளிய சொல்லாம முழுங்கிட்டா.

போன தடவை இங்க ஒண்ணு நடந்துச்சு. அவ துடிக்கிறாளேன்னு நர்ஸ் லொரெய்ன், பாவம், அறுபது வயசு அவங்களுக்கு, ஆறுதலா அவ கணுக்காலைப் பிடிச்சாங்க. மெல்லத்தான் பிடிச்சாங்க. அனாயி விட்டா ஒரு உதை! மூக்கு உடைஞ்சு ரத்தம், கண்ணாடி போயி சுவத்துல மோதுது. பிடிக்காதீங்க பிடிக்காதீங்கன்னு கத்திக்கிட்டே மேசையில இருந்து உருண்டு விழுந்து, மூலையில ஒண்டிக்கிட்டா. கையைத் தொட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா. கழுத்துல நெருப்பை அடிச்சாலும் பல்லைக் கடிச்சுக்குவா. காலைத் தொட்டதும் மிருகம் மாதிரி ஆயிட்டா. கை பிடிச்சவங்க பேரையெல்லாம் முத நாளே சொன்னவ, கால் பத்தி அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு அந்த மூலையில உட்கார்ந்துதான் எங்கிட்ட சொன்னா.

பையை எதுக்கு எடுக்கறீங்க? கீழ வைங்க.

நீங்க பழைய வீட்டைக் காலி பண்ணிட்டீங்க. மொடெஸ்டோவுக்குப் போனது யாருக்கும் தெரியாது. போலீஸ்காரங்க ஒரு வாரமா உங்களைத் தேடியிருக்காங்க. முந்தாநாள் நீங்களே போன் பண்ணி, கையெழுத்து வாங்க எங்க வரட்டும்னு எங்கிட்ட கேட்டீங்க. கிளினிக்குக்கு வாங்க, பத்து மணிக்குன்னேன். அவங்களுக்கும் பத்து மணிதான் சொன்னேன். அவங்கதான் லேட்டு. இல்லாட்டி உங்களோட உட்கார்ந்து இவ்வளவு நேரம் எனக்கு என்ன பேச்சு? அதோ, வாசல்ல ரெண்டு பேர். இல்ல, அவங்க பச்சை அழிக்க வரல.

வந்ததுல இருந்து ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்கறீங்க, அனாயி கையெழுத்துப் போடுவாளா மாட்டாளான்னு. போட்டுட்டா, தோஞா. போன செவ்வாய்க்கிழமை போலீஸ் ஸ்டேஷன்ல, அவங்க வெச்ச காகிதத்துல போட்டா. கால் பக்கமா நின்னு, ரெண்டு கணுக்காலையும் மேசையோட அமுக்கிக்கிட்டு, அழாதடி மகளே, இப்ப முடிஞ்சிடும்னு குனிஞ்சு குனிஞ்சு சொன்னது யார் குரல்னு அதுல எழுதியிருக்கு.