இறால் ஆகாது

சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சுவரை ஒட்டிய மேசை கிடைத்தால் உட்காராதீர்கள். மின்விசிறிக் காற்று அங்கே எட்டாது, பரிமாறுகிறவரின் கண்ணும் எட்டாது. நடுவிலும் வேண்டாம். போகிற வருகிறவர்களின் முழங்கை தோளில் இடித்துக்கொண்டே இருக்கும். சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். மாஸ்டரின் முகம் தெரியும். அதைவிட முக்கியம், மாஸ்டருக்கு நம் முகம் தெரியும்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ‘ஒரு கரண்டி’ என்ற பத்தியை எழுதுகிறவன். உங்கள் ஸ்டேஷன் வாசல் காவலர் நேற்று என்னை உள்ளே அழைத்து வந்தபோது, "சார், துறைமுகம் பக்கத்துல ஒரு மீன் கடையைப் பத்தி எழுதினீங்களே, குடும்பத்தோட போய்ச் சாப்பிட்டோம் சார்" என்றார். பிறகு, தான் எதற்காக என் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல வாசகர்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும்.

பெரிய ஓட்டல்களுக்கு நான் போவதில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசையில் துணிதான் சுத்தமாக இருக்கும் என்று ஒருமுறை எழுதினேன். அதைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். என் எல்லை, மீன் இறக்கும் துறைக்குப் பின்னாலும் கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகளுக்கு நடுவிலும் இருக்கும் தகரக் கூரைக் கடைகள். நான் எழுதிய வாரம் அங்கே வரிசை நிற்கும். நான் எழுதாத கடைக்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். "நாக்கு சார் வந்திருக்கார்" என்று உள்ளே குரல் போகும். என் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரு மனிதனை ஊரே அவனுடைய ஓர் உறுப்பின் பெயரால், அதுவும் மரியாதையாக அழைப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

அடுத்து சொல்லப்போவதை மட்டும் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றதை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம்.

போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியவில்லை. வாசனையும் இல்லை. சூடு தெரியும், முள் தெரியும். மருத்துவர், "வரும். வராமலும் போகலாம்" என்றார். அவருக்கு எதையும் தெளிவாக எழுதும் பழக்கம் இல்லை.

நான் பதறவில்லை. யோசித்துப் பார்த்தால் ருசி நாக்கிலா இருக்கிறது? அது மொழியில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சில வாரங்கள் எழுதினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "இப்பத்தான் சார் உங்க எழுத்துல ஒரு ஆழம் வந்திருக்கு" என்றார்.

கண்டுபிடித்தவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. படகு இன்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை பார்த்தான். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். சிரித்தால் தட்டு அதிரும். ஒரு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் சூப்.

"பிரமாதம்" என்றேன்.

என் மனைவி கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை நான் பாராட்டியது அதுவே முதல் தடவை. தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது, வீட்டாருக்குச் சலுகை காட்டக் கூடாது. அவள் கண் கலங்கி உள்ளே போனாள்.

மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, இதுல அக்கா உப்பே போடலை" என்றான்.

"தெரியும். சொன்னா உங்க அக்கா மனசு கஷ்டப்படும்."

"எப்பலேருந்து மாமா அக்காவோட மனசெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுது?"

தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து என் வாயருகே நீட்டினான். நான் கடித்தேன். முகம் சுளிக்க மறந்துவிட்டேன்.

"போச்சா?"

"போச்சு."

"ஐயோ பாவம், மாமா" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அடுத்த நிமிடமே, "சரி விடுங்க, என் நாக்கு சும்மாதானே கிடக்கு" என்றான்.

அப்படித்தான் அவன் என்னுடன் வர ஆரம்பித்தான். ஏற்பாடு எளிமையானது. முதல் கரண்டி எப்போதும் நான். கடை முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அதை விட்டுக்கொடுக்க முடியாது. கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பேன். அதற்குப் பிறகு அவன் சாப்பிடுவான். வண்டியில் திரும்பும்போது சொல்லுவான். "மாமா, அந்த வறுத்த மீன் எங்க கடை மேனேஜர் மாதிரி. மேல முறுக்கு, உள்ள ஒண்ணும் கிடையாது." நான் அதை, ‘வெளியே விறைப்பும் உள்ளே வெறுமையுமாக ஒரு நிர்வாகத் தோரணை’ என்று எழுதுவேன். "சூப்பு சுமார். நேத்து வெச்ச சூப்புக்குச் சித்தப்பா." நான், ‘நேற்றின் நினைவைக் கைவிட முடியாத சூப்’ என்று எழுதுவேன். பாருங்கள், அவனிடம் இருந்தது வெறும் ருசி. அதைச் சுவையாக்கியது நான்.

அவனுக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் ஒன்றே ஒன்றைத் தின்று முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவன். அதற்கான மருந்தைத் தோள்பையில் எப்போதும் வைத்திருப்பான். ஆனால் அதைக் கடையில் சொல்ல அவனுக்குக் கூச்சம். "இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு இத்துனூண்டு பூச்சிக்குப் பயப்படறேன்னு எப்படி மாமா சொல்றது? நீங்களே சொல்லிடுங்க." ஆகவே ஒவ்வொரு கடையிலும் சமையலறை வாசலுக்குப் போய், "இவருக்கு இறால் ஆகாது" என்று சொல்வது என் வேலையானது. ஒரு தடவையும் நான் தவறியதில்லை.

பிறகு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். கல்யாணம் ஒரு மனிதனை எவ்வளவு சீக்கிரம் நல்லவனாக்கிவிடுகிறது என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

"மாமா, இனிமே இப்படிச் சுத்த முடியாது. அதுவும் இல்லாம, அவகிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு சொல்லியாச்சு. நீங்களே ஒரு வாரம் எழுதிடுங்களேன். காய்ச்சல்ல ருசி போயிடுச்சு, இத்தனை நாளா மச்சான் நாக்குல சாப்பிட்டேன்னு."

"எழுதினா?"

"ஜனங்க ஒரு வாரம் சிரிப்பாங்க. அப்புறம் பாவம்னு விட்டுடுவாங்க. இதுல என்ன அவமானம்? உங்களால முடியலேன்னா ஞாயித்துக்கிழமை நான் அக்காகிட்டயாவது சொல்லிடறேன். அன்னிலேருந்து அவங்க எதுலயுமே உப்புப் போடறதில்லை மாமா. உங்களுக்கு அதுதான் பிடிக்குதாம். அந்த வீட்டுல என்னால வாய் வைக்க முடியலை."

சிரிப்பதை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். மாற்றுக் கருத்துகளை மதிக்கிறவன் நான். ஆனால் ‘பாவம்’ என்கிற சொல்லைப் பாருங்கள். ஊரெல்லாம் எழுந்து நின்ற கடைகளில் இனி என்னை உட்காரவைத்து, முதுகைத் தடவி, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். கண்ணில்லாதவரைச் சாலை கடக்க வைப்பதுபோல. என் வாசகர்களை அந்தத் துயரத்துக்கு ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் போன கடை, கப்பல் பட்டறைகளுக்குப் பின்னால் புதிதாகத் திறந்தது. மாஸ்டர் மெலிந்த ஆள், காதில் பென்சில், வாயில் சவால். வழக்கம்போல் நான் மட்டும் சமையலறை வாசலுக்குப் போனேன்.

"என்கூட வந்திருக்காரே, அவருக்கு இறால் ஆகாது."

"ஆகாதுன்னா? பிடிக்காதா சார்?"

இத்தனை கடைகளில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால் நியாயமான கேள்வி. நம் மொழியில் அந்த ஒரு சொல் பல வீடுகளில் வேலை பார்க்கிறது. உடம்பு ஏற்காததும் ஆகாது. இரண்டு பங்காளிகள் பேசிக்கொள்ளாவிட்டாலும் அவர்களுக்குள் ஆகாது. நடக்காத காரியமும் ஆகாது. மொழியை நேசிக்கிறவன் ஒரு சொல்லை ஒரே பொருளில் பூட்டி வைக்க மாட்டான். நான் புன்னகை செய்தேன்.

"இறால்னாலே முகத்தைத் திருப்பிக்குவார். அவரை இறால் சாப்பிட வைக்கிற மாஸ்டர் இந்த ஊர்ல இன்னும் பொறக்கலை."

மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார். "பொறந்தாச்சு சார். காஞ்ச இறாலை இடிச்சு மாவாக்கி வெச்சிருக்கேன். மீன் சூப்புல அடியில கரைச்சுடறேன். தெரியவே தெரியாது. குடிச்சு முடிக்கட்டும், நானே வெளிய வந்து சொல்றேன். மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க."

"பார்க்கலாம்" என்றேன். சிறு தொழில் செய்கிறவர்களின் உற்சாகத்துக்கு நான் ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை.

மேசைக்குத் திரும்பினேன். "சொல்லிட்டீங்களா மாமா?" என்று கேட்டான்.

"சொல்லிட்டேன்."

அது பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சூப் வந்தது. முதல் கரண்டி நான். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன். பிறகு அவன் குடித்தான். குடித்துவிட்டு, எப்போதும்போல் உடனே அடுத்த வாய் எடுக்காமல், கிண்ணத்தையே பார்த்தான்.

"மாமா, இது வேற ரகம். அடியில என்னமோ இருக்கு. கடலையே ஒரு மூலையில ஒளிச்சு வெச்ச மாதிரி."

கிண்ணம் பாதி காலியானபோது கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். உதடு தடித்தது. நான் முன்னால் குனிந்து, "அந்தக் கடல், இனிப்பாவா, கரிப்பாவா?" என்று கேட்டேன். இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல... மாமா, மூச்சு... பை வண்டியில இருக்கு."

"நான் எடுத்துட்டு வரேன், நீ பதறாதே" என்றேன். வண்டியைக் கொஞ்சம் தொலைவில் நிறுத்தியிருந்தேன். நிழல் அங்கேதான் இருந்தது. என் வயதில் வெயிலில் ஓடக் கூடாது என்று அந்த மருத்துவரே சொல்லியிருக்கிறார், அதை மட்டும் தெளிவாக. போகும் வழியில், ‘இனிப்புக்கும் கரிப்புக்கும் நடுவே ஒளிந்துகொண்ட கடல்’ என்ற வரி அமைந்தது. ‘ஒளிந்துகொண்ட’ நல்லதா, ‘ஒளித்து வைக்கப்பட்ட’ நல்லதா என்று யோசித்தபடி திரும்பினேன்.

அவனைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர் ஒரு தட்டால் விசிறிக்கொண்டிருந்தார். பை தேவைப்படவில்லை. மாஸ்டர் ரகசியத்தைச் சொல்லத் தயாராக, பாதிச் சிரிப்போடு வெளியே வந்திருந்தார் போலிருக்கிறது. அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சார், பிடிக்காதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆகாதுன்னு சொன்னேன்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தி வெளிவந்தது. ஆசிரியர் தயங்கினார். மச்சானுக்கு அஞ்சலி என்று ஒரு வரி சேர்த்ததும் சம்மதித்தார். என் பத்திகளிலேயே அதற்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது. அவனுடைய வருங்கால மனைவிகூட அதைப் படித்ததாகச் சொன்னார்கள். கருத்து ஒன்றும் சொல்லவில்லையாம்.

இன்று காலை என் வக்கீல் வந்தார். சின்னப் பெண், சுறுசுறுப்பு. "சார், கேஸ் ரொம்பச் சுலபம். மாஸ்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார், தண்டனை அவரோட போயிடும். எதிர்த்தரப்புல இருக்கறது ஒரே ஒரு கேள்விதான். முதல் கரண்டி குடிச்சது நீங்க. நாக்கு சாருக்கு இறால் தெரியாமப் போகுமா? தெரிஞ்சும் ஏன் தடுக்கலை? அதுக்குப் பதில் நம்மகிட்ட இருக்கு. உங்களுக்கு ருசியே தெரியாதுன்னு டாக்டர் கோர்ட்ல வந்து சொல்லிட்டாப் போதும், நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க மனைவிதான் சார். அவங்க தம்பி, இறந்ததுக்கு முந்தின நாளே அவங்ககிட்ட சொல்லிட்டாராம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கலையாம் அவருக்கு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு அவங்க காட்டிக்கலை. அன்னிக்கு சூப்புல உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாங்களாம். நீங்க பிரமாதம்னீங்களாம்." வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே, "பாவம் சார் நீங்க" என்றார்.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். அந்த மாஸ்டர் உழைப்பாளி. செய்யாத குற்றத்துக்கு அவர் உள்ளே போவதை என் மனசாட்சி ஒப்புக்கொள்ளவில்லை. மனசாட்சிதான் காரணம், வேறு எதுவும் இல்லை. டாக்டரைக் கூப்பிடவே வேண்டாம். அவருக்கு வீண் அலைச்சல்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். என் மச்சானைக் கொன்றது நான். அவனுக்கு இறால் ஆபத்து என்று தெரிந்தே மாஸ்டரைத் தூண்டினேன், தெரிந்தே மெதுவாக நடந்தேன். முக்கியமானது இதுதான், வார்த்தை மாறாமல் அப்படியே இருக்கட்டும், பத்திரிகைக்காரர்கள் கேட்டாலும் இதையே கொடுங்கள்: முதல் கரண்டி நாக்கில் பட்ட கணமே அது இறால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நைசாக இடித்துக் கரைத்ததை இந்த நகரத்தில் வேறு எந்த நாக்கும் கண்டுபிடித்திருக்காது.