நடுத்தட்டு

மனைவி: ...என் குரல் கேக்குதா இல்லையா?

கணவன்: இரு, வெளிய வந்துடறேன்... கப்பல் வயித்துக்குள்ள நின்னு வெல்டிங் வச்சா காது இப்படித்தான். சொல்லு, சுகாதாரக் கமிட்டில பேசினியா?

மனைவி: சாப்பிட்டீங்களா?

கணவன்: பேச்சை மாத்தாத.

மனைவி: பேசினேன். சர்க்கரை நோயாளிகள் சங்கத்துல நாலஞ்சு பேர் போனோம். என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க.

கணவன்: கை நடுங்குச்சா?

மனைவி: நடுங்குச்சு. சர்க்கரை இறங்குதோன்னு பயந்து ஒரு மிட்டாயை வாயில போட்டுக்கிட்டேன்.

கணவன்: மிட்டாயோடயா பேசின?

மனைவி: கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுத்தான். கமிட்டித் தலைவர் முறைச்சார்.

கணவன்: கல்யாணத்துக்கு முன்னாடி உன்னைச் சர்க்கரைக்கட்டின்னு கூப்பிட்டேன். அப்பவே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.

மனைவி: நீங்க பேர் வச்சதால வரலைங்க, அது தானா வந்த வியாதி.

கணவன்: சரி, என்ன சொன்ன?

மனைவி: நாம பேசி வச்சதைத்தான். பேர் பதிஞ்ச ஊர்லதான் இலவச இன்சுலின்னு வச்சிருக்கீங்க. ஊர் மாறினா பேரை எடுத்துட்டுப் புது இடத்துல வருஷக்கணக்கா காத்துக் கெடக்கணும். அதுவரைக்கும் ஊசி இல்லாம இருக்க முடியுமா? கடையில வாங்கினா என் வீட்டுக்காரர் சம்பளம் அதுக்கே சரியாப் போயிடும். எனக்கு மருந்து இங்க, அவருக்கு வேலை துறைமுகத்துல. ஆள் போற இடத்துக்கு மருந்தும் வரட்டும்னேன்.

கணவன்: அப்படியேவா... என் வீட்டுக்காரர்னு?

மனைவி: பின்ன, பக்கத்து வீட்டுக்காரர்னா சொல்லுவேன்?

கணவன்: என்ன முடிவு பண்ணாங்க?

மனைவி: ...ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து எந்த ஊர்லயும் வாங்கிக்கலாமாம்.

கணவன்: அப்ப... நீ வந்துடுவ.

மனைவி: வந்துடுவேன். அக்கா வீட்டுல ஒண்டினது போதும்.

கணவன்: எப்படி வருவ? சொல்லு.

மனைவி: பஸ்லதான். ஊசி மருந்தை ஐஸ் பையில போட்டு மடியிலயே வச்சுக்குவேன். நீங்க ஸ்டாண்டுல நிப்பீங்க.

கணவன்: குளிச்சுட்டு வர்றேன்.

மனைவி: வேண்டாம். அந்த வெல்டிங் புகை வாசனையோடயே வாங்க.

கணவன்: ...ஃப்ரிட்ஜ் கதவுல முட்டை வைக்கிற இடத்தைக் காலி பண்ணி வச்சிருக்கேன். உன் மருந்துக்கு.

மனைவி: கதவுல கூடாதுங்க. திறந்து திறந்து மூடினா சூடு ஏறிடும். ஐஸ் பக்கத்துலயும் வேண்டாம், உறைஞ்சா வீணாப் போயிடும். நடுத்தட்டு.

கணவன்: அங்க முந்தாநாள் குழம்பு இருக்கே.

மனைவி: முதல்ல அதைத் தூக்கி ஊத்துங்க.

கணவன்: ஊத்தியாச்சுன்னு வச்சுக்க. வந்ததும் என்ன பண்ணுவ?

மனைவி: ஜன்னலைத் திறப்பேன். போன தடவை நான் வந்துட்டுப் போனதுக்கப்புறம் நீங்க அதைத் தொட்டே இருக்க மாட்டீங்க.

கணவன்: அப்புறம்?

மனைவி: அப்புறம்... ஏங்க, என்னால முடியல. நான் சொன்னது பொய். தள்ளிட்டாங்க. நிதி இல்லையாம். சங்கத்துல அடுத்த கூட்டத்துக்கும் மனு போடறோம், நான் மறுபடி பேசத்தான் போறேன். ஆனா நீங்க ஆசையா கேட்டதும், இல்லைன்னு சொல்ல வாய் வரல. திட்டுங்க.

கணவன்: மதியச் செய்தியிலேயே கேட்டுட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நானும் லீவு போட்டுட்டு வர்றேன், உன் பக்கத்துல நிக்கறேன். இப்ப நீ வர்றேன்னு சொல்றதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு... சொல்லு, ஜன்னலைத் திறந்துட்ட. அப்புறம்?