முழு அளவு

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும் பழக்கமில்லை. நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால் இந்த விசாரணை அறைக்குள் நடந்துகொண்டே சொல்கிறேன்.

எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஓர் ஊசி போடுவார்கள். அதை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் பலன் அதிகம் என்று நிறுவியது என் கட்டுரை. ஆய்வின்போது சிறுநீரகம் பலவீனமான சிலருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. அவர்களைச் 'சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்கள்' என்று கணக்கிலிருந்து நீக்கினேன். அது பொய்யல்ல. இறந்தவர்கள் சிகிச்சையைத் தொடர்வதில்லை.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பது ஒரு தினவு போல. சாப்பிடும்போது, மகளின் பள்ளி விழாவில், சிவப்பு விளக்குக்காகக் கார் நிற்கும்போது, கை தானாகப் போனைத் தேடும். ஒருநாள் ஏறாவிட்டால் எரிந்து விழுவேன். "நம்ம நிறுவனத்துக்கு முகமே நீங்கதான்" என்றார் இயக்குநர்.

என் ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தாள். ஓயாமல் கேள்வி கேட்பதால் எல்லோருக்கும் அவள் வாயாடி. பழைய தரவுகளைக் கிளறிவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், கிட்னி வீக்கா இருந்தவங்கதான் பாதியில விலகியிருக்காங்க. அவங்கெல்லாம் என்ன ஆனாங்க?"

"போயிட்டாங்கம்மா."

"வீட்டுக்கா சார்?"

அடுத்த வாரமே அவளை வேறொரு ஆய்வகத்துக்கு மாற்றினேன். கெட்டிக்காரி என்று நாலு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினேன். எனக்கு யார்மீதும் பகை கிடையாது.

பிறகு என் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி; சிறுநீரகம் தளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வார்டில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார்.

"இவன் எழுதினத எல்லா நாட்டு டாக்டரும் படிக்கிறாங்க. வீட்ல மளிகை சாமான் எழுதச் சொன்னா மட்டும் பாதிய விட்டுடுவான்."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

மருத்துவர் ஓர் இளம்பெண். என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"சார், அண்ணனுக்குக் கிட்னி கொஞ்சம் மோசமா இருக்கு. ஊசியப் பாதியா குறைக்கலாமான்னு தோணுது. ஆனா உங்க கட்டுரையில அப்படி எதுவும் சொல்லலயே. நீங்களே சொல்லுங்க."

ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். பாதி என்று சொன்னால், ஏன் என்பார். கேட்டதோடு விடுகிற முகமாகவும் இல்லை.

"முழு அளவே கொடுங்க டாக்டர்" என்றேன்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் அந்த வராந்தாவில் நடந்தேன். செவிலியர் தட்டோடு உள்ளே போவார். காலித் தட்டோடு வெளியே வருவார். ஒருமுறை அவரைக் கூப்பிட்டே விட்டேன். "என்ன சார்?" என்று நின்றார். "குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டேன். கைகாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா" என்றார்.

"சரியா தூங்கியிருக்க மாட்டீங்கண்ணே. கண்ண மூடிப் படுங்க."

நான் சொன்னதால் படுத்தார். என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. மத்தியானம் அண்ணி எழுப்பியபோது எழவில்லை.

எல்லாம் முடிந்தபின் அந்த மருத்துவர் அண்ணியைத் தேடி வந்து, என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லியிருக்கிறார். விஷயம் எப்படியோ வாயாடியின் காதுக்கும் எட்டி, அவளும் வந்து பழைய தரவுகளில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தம்பி" என்றார். என்னால் உட்கார முடியவில்லை.

"அவருக்கு அது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவரிடம் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தெரியும். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே தெரியும்; அந்த வராந்தாவிலும் தெரியும்; தலை வலிக்கிறது என்று அவர் சொன்னபோது மிக நன்றாகத் தெரியும்.

ஆனால் நியாயத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். அவரைப் போன்ற எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஊர்களில் அதே அளவைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்தவர் என்பதற்காக அவருக்கு மட்டும் சலுகை கேட்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.