மறக்காத வருஷம்

– நான் மறக்கல, மறக்கலன்னு உன்கிட்ட எத்தன தடவ…

– மறந்தவருதான் அத அத்தன தடவ சொல்லுவாரு. ஞாபகம் இருக்கறவரு ஒரு தடவ சொல்லிட்டு சூப்பக் குடிப்பாரு.

– சூப் இன்னும் வரலையே, சிஸ்டர்.

– இந்த மாதிரி இடத்துல சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. பக்கத்து டேபிள் அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க.

– பிரசவ வார்டுல இருபத்தெட்டு வருஷமா ஊரே உன்ன அப்படித்தான் கூப்பிடுது. தாலி கட்டினவன் கூப்பிட்டா மட்டும் குத்தமா?

– பேச்ச மாத்தாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவத் தொறந்தேன். என் புதுப் புடவையப் பாத்ததும் உங்க மூஞ்சில கரண்டு போச்சு. நான் பாத்தேன்.

– அது அசந்து நின்னது. அழகுல.

– அழகுலயா. சரி, போன வருஷம் இதே நாள் எங்க இருந்தீங்க?

– பதினாலாவது மாடில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிச்சு. மெக்கானிக் நானு, அப்படியே விட்டுட்டு வர முடியுமா?

– அதுக்கு முந்தின வருஷம் கேபிள் தேஞ்சுபோச்சு. அதுக்கும் முந்தி எங்கயோ கதவு மூடல. ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் நம்ம கல்யாண நாள் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல.

– அதனாலதான இந்த வருஷம் ஒரு மாசம் முன்னாடியே டேபிள் சொல்லி வெச்சேன். ஜன்னல் ஓரம், பூ, மெழுகுவத்தி. இன்னும் என்ன வேணும் உனக்கு?

– பந்தயம் ஞாபகம் இருக்கா?

– ஏன் இல்லாம? நான் மறந்தா நீ மலை ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு ரெண்டு வருஷம் போயிடுவ. மறக்கலன்னா, வேணாம்னு நாளைக்குக் காலைல எழுதிக் குடுத்துருவ. நான் மறக்கல. நீ போகல. அவ்வளவுதான் கணக்கு.

– அங்க புது வார்டுங்க. நான்தான் பொறுப்பு. இருபது பெட். டியூட்டி லிஸ்ட நான் போடுவேன், மத்தவங்க வந்து கையெழுத்துப் போடுவாங்க.

– இங்க உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூடத் தெரியாம ஒருத்தன் இருக்கானே, அவன யாரு லிஸ்ட்ல போடுறது? ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி ரெண்டு வருஷம் தொங்கணுமா நான்?

– அதுக்குத்தான் தெளிவாக் கேக்குறேன். நிஜமா சொல்லி வெச்சீங்களா? வாசல்ல அந்த சர்வர் ‘கல்யாண நாள் டேபிள்தானே சார்’னு கேட்டப்போ நீங்க வாயத் தொறக்கல. தலைய மட்டும் ஆட்டுனீங்க.

– பெரிய ஹோட்டல்ல அப்படித்தான். ரொம்பப் பேசினா மதிக்க மாட்டாங்க.

– வணக்கம் சார், வணக்கம் மேடம். கல்யாண நாள் வாழ்த்துகள். காளான் சூப், சாருக்கு மட்டும். நீங்க ஃபோன்ல அவ்வளவு கண்டிப்பா சொன்னீங்களே சார், அதனால மேடம் பக்கம் காளான் வாசனையே வராமப் பாத்துக்கறோம்.

– காளான்னா எனக்கு உசுராச்சே. என்னங்க இது?

– இல்ல… இப்பல்லாம் உனக்குச் செரிக்கிறதில்லையேன்னு. வயசாகுதுல்ல?

– யாருக்கு?

– சர்வர் சார், மேடத்துக்கும் ஒரு காளான் சூப். பெரிய கிண்ணமா.

– கொண்டு வரேன் சார். அதுக்கு முன்னாடி, இது நீங்க குடுத்தனுப்பின கார்டு. சூப் வைக்கும்போது மேடம் கையில தரச் சொல்லியிருந்தீங்க.

– கார்டா?

– குடுத்தனுப்பினவரே ‘கார்டா’ங்கறீங்க?

– சூப்போடயா கேக்கோடயான்னு ஒரு சின்னக் குழப்பம். இப்படிக் குடு, அத வீட்டுல போய் நிதானமா…

– கைய எடுங்க. எனக்கு வந்தத நான் படிக்கிறேன். ‘ஏரிக்கரையில் உன்னை முதன்முதலாகப் பார்த்த மாலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.’ நாம எந்த ஏரியில பாத்தோம்? ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னேன். நீங்க கூரை வழியா எட்டிப் பாத்து ‘பயப்படாதீங்க சிஸ்டர்’னீங்க.

– அன்னைக்கு என்ன மழை. லிஃப்ட் குழியில இடுப்பளவு தண்ணி. மேலேருந்து டார்ச் அடிச்சுப் பாத்தவனுக்கு அது ஏரியாத்தான் தெரிஞ்சுது.

– ‘உன் பாடலில்தான் என் காலைகள் விடிகின்றன.’ நான் எப்போ பாடினேன்?

– தினம் எழுப்புறியே.

– அது கத்தறது.

– கேக்கறவன் காதைப் பொறுத்தது அது.

– ‘உன் முழங்கால் தொடும் கூந்தலில் என் இருபது வருஷமும் சிக்கிக் கிடக்கிறது.’ டியூட்டித் தொப்பிக்குள்ள அடங்கணும்னு கழுத்தோட வெட்டி வெச்சிருக்கேன். நமக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

– கவிதைல முடிய நீட்டுவாங்க, வருஷத்தக் குறைப்பாங்க. உனக்கு நல்லதுதானே?

– கையெழுத்தும் உங்களுது இல்ல.

– என் எழுத்தப் பாத்தா டாக்டர் சீட்டு மாதிரி இருக்குன்னு நீதானே சொல்லுவ? அழகா எழுதுற ஒருத்தர்கிட்ட சொல்லி எழுதி வாங்கினேன்.

– எனக்காக, ஒருத்தர்கிட்ட போய், ஏரி பாட்டுன்னு உக்காந்து சொன்னீங்களா?

– பின்ன?

– …நான் கை கழுவிட்டு வரேன்.

– இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலையே. ஏ, அழறியா என்ன?

– மெழுகுவத்திப் புகை. நீங்க சூப்பக் குடிங்க.

– சார், மேடம் வர்றதுக்குள்ள ஒரு விஷயம். கீழ ரிசப்ஷன்ல ஒருத்தர் நிக்கிறார். இந்த டேபிள அவர்தான் சொல்லி வெச்சாராம். கூட அவர் சம்சாரம். கூந்தல் முழங்காலத் தொடுது.

– பாடுறாங்களா?

– இப்போதைக்குத் திட்டுறாங்க சார்.

– சர்வர் சார், உங்ககிட்ட மறைக்கல. என்னைத் தெரியலையா? உங்க லிஃப்ட நான்தான் பாக்குறேன். மாசத்துக்கு ரெண்டு தடவ வருவேனே.

– அதான் முகம் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. எப்பவும் கிரீஸோட பின்வாசல் வழியா வருவீங்க. கோட்டப் பாத்து ஏமாந்துட்டேன்.

– சுத்தமா மறந்துட்டேன். ஆறு மணிக்கு அவ புதுப் புடவையில நிக்கிறதப் பாத்துத்தான் உறைச்சுது. பெரிய ஹோட்டல்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். ஒரு ஓரத்துல ரெண்டு நாற்காலி கெஞ்சி வாங்கிக்கலாம்னு வந்தேன். நீங்க ‘கல்யாண நாள் டேபிள்தானே’ன்னீங்க. எனக்கும் கல்யாண நாள்தான், தலை தானா ஆடிருச்சு.

– இதுக்கு என் வேலை போயிடும் சார்.

– எனக்குப் பொண்டாட்டியே போயிடுவா. உண்மை தெரிஞ்ச நிமிஷம் பெட்டியோட மலை ஏறிடுவா. கேக் வர்ற வரைக்கும் காப்பாத்துங்க. வேணும்னா அவங்க மேல வர்ற லிஃப்ட ரெண்டாவது மாடில ஒரு பத்து நிமிஷம் நிறுத்தட்டா? ஒரே ஒரு சுவிட்சுதான்.

– வேண்டாம் சார். அந்தம்மாவோட அவர் தனியா மாட்டிக்கிட்டா தாங்க மாட்டார்.

– சும்மா கேட்டேன்.

– மானேஜர் அவங்களுக்கு ஜூஸ் குடுத்து உக்கார வெச்சிருக்கார். எட்டு நிமிஷம் சமாளிக்கிறேன். கேக் பக்கம் மட்டும் போகாதீங்க, அதுல அந்தம்மா பேரு இருக்கு. சிரிங்க சார், மேடம் வராங்க.

– சர்வர் சார், போயிடாதீங்க. நீங்களும் நில்லுங்க. வெளி ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் இவர் கத்த மாட்டாரு.

– நான் எதுக்குக் கத்தப் போறேன்? கண்ணெல்லாம் செவந்திருக்கு. உக்காரு மொதல்ல.

– நடுவுல பேசாதீங்க. அப்புறம் எனக்குத் தைரியம் வராது. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவகூட நீங்களா இந்த நாள ஞாபகம் வெச்சதில்ல. அந்த நம்பிக்கையிலதான் நான் பந்தயமே கட்டினேன்.

– எந்த நம்பிக்கை?

– மறந்துருவீங்கங்கற நம்பிக்கை. நாளைக்குப் பதில் சொல்லணும்னதெல்லாம் பொய்ங்க. டிரான்ஸ்ஃபர் வேணும்னு போன மாசமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை போய்ச் சேரணும். குவார்ட்டர்ஸ் சாவிகூட இந்தக் கைப்பைல இருக்கு.

– சாவியா?

– எனக்கு அந்த வார்டு வேணுங்க. கேட்டா விடமாட்டீங்க. அதான், இன்னைக்கு நீங்க திருதிருன்னு முழிப்பீங்க, நான் ரெண்டு வார்த்த கோவமாப் பேசிட்டு அப்படியே கெளம்பிடலாம்னு இருந்தேன். இப்ப கை கழுவற எடத்துல கண்ணாடியில என் மூஞ்சிய என்னாலயே பாக்க முடியல. ஏங்க, எல்லா வருஷமும் மறந்த மனுஷன் இந்த ஒரு வருஷமும் மறந்து தொலைச்சிருந்தா, நான் எவ்வளவு நிம்மதியாப் போயிருப்பேன்?