சிவப்பைக் கொண்டுவந்த முனைவர் குவாமுரா ரிட்சுகோ அம்மையாருக்கு இனுபுஷி இல்லமும் ஆலையும் பணிநிறைவு நாளில் அளிக்கும் மடல்

ஒளிர்பொடிக் கலையின் உயர்மணியே! காற்றும் ஈரமும் தீண்டாத கண்ணாடிப் பெட்டிக்குள் கைநுழைத்து, கடுகளவு யூரோப்பியம் என்னும் அரிய உலோகத்தைக் கலந்து, கனலும் நைட்ரஜன் உலையில் செம்மையைக் கண்டெடுத்த சீர்மிகு அம்மையீர்! வணக்கம்.

எல்.இ.டி. விளக்கின் நீலச் சில்லின்மேல் மஞ்சள் பொடி பூசினால் வெண்மை வரும், வெதுவெதுப்பு வராது. அந்த வெதுவெதுப்பை எங்கள் ஆலைக்குத் தந்தது நீங்கள் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்துக் கண்ட சிவப்புப் பொடி. இன்று எங்கள் தொகுஷிமா ஊரில் மாலைச் சோறு உண்ணும் எத்தனையோ வீடுகளில் அது ஒளிர்கிறது.

புதுப் பொடியின் ஒளியை மதிப்பிடுமுன் முற்றத்தில் நின்று பகல் வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கிவர வேண்டும் என்ற விதியையும் நீங்களே வகுத்தீர்கள். ஒரே விளக்கின் கீழ் நெடுநேரம் இருந்த கண், அவ்விளக்கு எதைச் செய்தாலும் சரியென்றே சொல்லும் என்பீர்கள். மழையில்கூடக் குடையோடு நின்றுவிட்டு வரும் ஊழியர்களை நான் மாடியிலிருந்து கண்டிருக்கிறேன்.

மரபுப்படி உங்கள் நற்குணங்களை இங்கே நான் வரிசைப்படுத்த வேண்டும். சென்ற மாதம் என் வீட்டில் கண்ட அதிர்ச்சி இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. ஆகவே அதையே சொல்கிறேன்.

என் பேத்தி சயோவின் நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளை வீட்டார் கோச்சித் துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாக மீன் வணிகம் செய்யும் ஹமாகுச்சி குடும்பத்தினர். மங்கலச் சிவப்புக்காகச் செம்பயறுச் சோறும், அன்று காலையில் கரைசேர்ந்த முழுச் சங்கரா மீனும் வைத்தோம். மேலே எரிந்தது இவ்வாலையின் முதல் விளக்கு. மறைந்த என் அண்ணன் தம் கையால் செய்தது. மஞ்சள் பொடி மட்டும் கொண்டது. அதை யாரும் மாற்றக் கூடாது என்பது என் கட்டளை.

சம்பந்தியம்மாள் மீனைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். சயோவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவர் காதில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏங்க, இந்த மீனு என்னிக்குப் புடிச்சதுங்க? மண்ணு கலர்ல கெடக்கு. பொண்ணும் காமாலை வந்து எழுந்தவ மாதிரியில்ல இருக்கா?"

"சும்மா இரு. வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்" என்றார் அவர், உண்கோலைக் கீழே வைத்துவிட்டு.

மீன் வணிகருக்குப் பழைய மீன் பரிமாறிய குடும்பம் என்ற பெயர்! நோயை மறைத்துப் பெண் கொடுக்கும் குடும்பம் என்ற பெயர்! சயோ தலை குனிந்தாள். மீன் எனக்கு எப்போதும்போல் சிவப்பாகவே தெரிந்தது!

அப்போது விருந்தினருள் ஒருவராய் அமர்ந்திருந்த நீங்கள் எழுந்தீர்கள், அம்மையீர்! மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே, விருந்து மேசையின்மேலே ஏறி நின்றீர்கள்! எங்கள் இல்லத்தில் யாரும் செய்யாத செயல். என் கிண்ணம் கையிலிருந்து நழுவியது.

"இறங்கும்மா! அது எங்கண்ணன் விளக்கு!"

"தெரியுங்க ஐயா. என்னை வேலைக்கு எடுத்தப்போ இதைத்தான் அவர் என் கையில கொடுத்தாரு. 'இதுல சிவப்பு இல்லம்மா, பாக்கவே வெக்கமா இருக்கு, நீ கண்டுபிடி'ன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அண்ணன் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

நீங்கள் அவ்விளக்கைக் கழற்றினீர்கள். சயோவுக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்த உங்கள் விளக்கை மாட்டினீர்கள். மீன் சிவந்தது. சோறு சிவந்தது. சயோவின் கன்னமும் சிவந்தது.

சம்பந்தியம்மாள் குனிந்து மீனின் செவுளை விரித்துப் பார்த்தார். "அடேயப்பா, காலைல புடிச்சதுதான்!"

"மருமகளை விட மீனைத்தான் நல்லா பாக்குறா" என்றார் அவர் கணவர். சயோதான் முதலில் சிரித்தாள். வரும் வசந்தத்தில் திருமணம்.

மேசைமேல் ஏறியதை நான் மன்னித்துவிட்டதாக எண்ண வேண்டாம். இல்லத்தின் ஒழுங்கு ஒழுங்குதான். ஆனால் இல்லத்தின் மானத்தைக் காப்பது என் கடமை என்று எண்ணியிருந்த என் கண்ணெதிரே, அதைக் காத்தவர் நீங்கள் என்பதை இச்சபையறிய எழுதுகிறேன்.

அண்ணனின் விளக்கு இப்போது அவர் படத்தருகே, அணைந்தபடி இருக்கிறது. நேற்று ஒருமுறை மட்டும் அதை ஏற்றினேன். கீழே காணும் எங்கள் குடும்பத்தின் செந்தூர முத்திரையை இம்மடலுக்கான தாளில் முன்கூட்டியே பதித்தபின், முற்றத்தில் நின்று பகலைக் கண்ணில் வாங்கிவந்து, இரண்டு விளக்குகளின் கீழும் பிடித்துப் பார்த்தேன். அண்ணன் விளக்கில் அது காய்ந்த மண். உங்கள் விளக்கில் இனுபுஷி என்ற பெயர் அன்று பிடித்த மீனைப்போல் சிவந்திருந்தது.

உலையின் வெப்பம் இனி உங்களைத் தொடாதிருக்க, உடல்நலம் குன்றாதிருக்க, கண்ணொளி மங்காதிருக்க, நெடுங்காலம் வாழ்க! இம்மடலை எந்தச் சுவரில் மாட்டினாலும் உங்கள் விளக்கின் கீழே மாட்டுங்கள். எங்கள் பெயரை அதில்தான் பார்க்க வேண்டும்.

இங்ஙனம்,
ஆலை ஊழியர் அனைவர் சார்பிலும்,
இனுபுஷி தொகுஜிரோ,
இல்லத் தலைவர்
(முத்திரை)