தண்ணீர் கொண்டு வந்தவர்கள்

"படுலே! படு!"

வைத்தி கத்துகிறான். படுக்கிறேன். தலைக்கு மேலே விமானம். துணி கிழிவதுபோல் நீண்ட சத்தம். பிறகு ஒரு அடி. தரை தூக்கிப் போடுகிறது. எழுந்து ஓடுகிறோம். பஞ்சுக் கிடங்கு. இரும்புக் கதவு. பேல் கட்டிய பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே புகுந்துகொள்கிறோம். வாயெல்லாம் பஞ்சுத் தூசி.

காலை ஒன்பதே கால். சண்டையின் முதல் நாள்.

என் பெயர் சாமுவேல். ராஜபாளையத்துக்காரன். மில் ஃபிட்டர். வைத்தியநாதனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். எலக்ட்ரீசியன். சூடானில், கார்ட்டூமுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் இரண்டு பேரும் மூன்று வருடம் வேலை பார்த்தோம். சண்டை அந்த நாட்டு ராணுவத்துக்கும் இன்னொரு படைக்கும். எங்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. குண்டு அதைக் கேட்டா விழுகிறது?

மானேஜர் அன்று மதியமே ஜீப்பில் போய்விட்டார். எங்கள் பாஸ்போர்ட் அவர் அலமாரியில். சாவி அவர் பையில்.

இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் தீர்ந்தது. நான் முழங்காலில் நின்றேன். "கர்த்தர் தருவாருலே" என்றேன். வைத்தி முறைத்தான்.

"ஜெபம் பண்ணு, வேண்டாங்கல. கேன யாரு தூக்குவா?"

அன்று மாலை பின்சுவர் உடைப்பு வழியாக ஹலீமா வந்தாள். மில் வாசலில் டீ விற்கிறவள். ஒரு கேன் தண்ணீர். நான்கு ரொட்டி. அது நோன்பு மாதம். காய்ந்த உதட்டோடு, நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேலே பார்த்து நன்றி சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து நாள் வந்தாள்.

ஏழாம் நாள். காலை ஆறு நாற்பது. மூன்று குண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் ஒரு பெண்ணின் அலறல். சுவர் உடைப்பில் எட்டிப் பார்க்கிறேன். மில்லுக்குப் பின்னால் ஹலீமாவின் வீடு இருந்த இடத்தில் புகை. வீடு இல்லை.

எட்டாம் நாளும் ஜெபித்தேன். கிடங்கை விட்டு நகரவில்லை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயம். வேறொன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள் வைத்தி கேனை எடுத்தான்.

"செத்த நேரத்துல வாரேன். கதவத் தொறந்து வை."

தெருக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு வெடி. குச்சி ஒடிவதுபோல் சின்னச் சத்தம். யார் சுட்டது, தெரியாது. குழாய்க்கும் கதவுக்கும் நடுவே விழுந்தான். கேன் சாயவில்லை. வெயில் இறங்கியதும் ஊர்ந்து போனேன். அவனை இழுத்து வந்தேன். கேனையும். மில் வேப்பமரத்தடியில் புதைத்தேன். அந்தத் தண்ணீரை மூன்று நாள் குடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் இந்தியத் தூதரகம் அனுப்பிய பஸ் வந்தது. துறைமுகம். கப்பல். ஊர்.

ராஜபாளையத்தில் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போதகர் மைக்கை நீட்டினார். "வனாந்தரத்துல தேவன் ஒங்கள எப்படிப் போஷிச்சாருன்னு சொல்லுங்க பிரதர்."

"தண்ணி குடுத்தாரு. கொண்டுவந்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க. இதுக்கு யாரும் அல்லேலூயா சொல்லாதீங்க."

மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மடவார் வளாகத்தில் வைத்தியின் மனைவி செண்பகம் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். எல்லாவற்றையும். அவன் எடுத்த தண்ணீரை நான் குடித்ததையும். அவள் அழவில்லை.

"ஒங்க சாமி ஒங்களுக்குக் குடுத்துட்டாரு. எங்க வீட்டு ஆள எடுத்துத்தான் குடுக்கணுமா?"

கதவைச் சாத்தினாள்.

இன்னும் ஜெபிக்கிறேன். அவர் தருகிறார் என்று இன்னும் நம்புகிறேன். கோபத்தோடு நம்புகிறேன். கொண்டு வந்தவர்களை ஏன் விட்டீர் என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் கேட்கிறேன்.

இழந்தது இவ்வளவு. இரண்டு பாஸ்போர்ட். முதல் நாள் குண்டுச் சத்தத்தில் செவிடான என் வலது காது. வைத்தியநாதன், முப்பத்தெட்டு வயது, ஒரு மகளுக்குத் தகப்பன். ஹலீமா. வயது தெரியாது. அந்த வீட்டில் அவளோடு எத்தனை பேர் இருந்தார்கள், தெரியாது. ஐந்து நாள் அவள் கையால் வாங்கிக் குடித்தேன். ஒருநாள்கூடக் கேட்கவில்லை.